சகலையின் வகுப்பும் என் வயிற்றெரிச்சலும்

சகலை என்கிற உறவைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. குடும்பத்துக்குள் பொறாமை வற்றிவிடக் கூடாது என்று நினைத்தவராகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி என்றால் கூடப் பிறந்த பாசம் கொஞ்சம் தடுக்கும். மைத்துனன் என்றால் மரியாதை தடுக்கும். சகலைகளுக்கு நடுவில் அப்படி எதுவும் கிடையாது. மாமனார் வீட்டில் தீபாவளிக்கு யாருக்கு எந்தக் கரை வேட்டி என்பதில் ஆரம்பித்து ஆயுள் முழுக்க ஒப்பிட்டுக்கொண்டே இருக்கலாம்.

என் சகலை குணசேகரன் மலேசியாக்காரர். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். நானும் ஆசிரியன்தான். விருதுநகர்ப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் கணக்கு. என் மனைவி சுமதியின் தங்கை மாலதிக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவளுக்கு அக்கா கை ரசம்தான் இறங்கும் என்று போனில் அழுதாள். ரசம் வைக்க சுமதி விமானம் ஏறினாள். கோடை விடுமுறை என்பதால் நானும் மகள் கயலும் ஒட்டிக்கொண்டோம்.

கயலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு முடித்தவள். ஆறாம் வகுப்புக்கு என் பள்ளியிலேயே சேர்க்க நுழைவுத் தேர்வு எழுதினாள். கணக்கில் தேறவில்லை. கணக்கு வாத்தியார் மகள் கணக்கில் தேறவில்லை என்ற செய்தி ஆசிரியர் அறைக்கு டீ வருவதற்கு முன்பே வந்துவிட்டது. தாளாளர் பெரிய மனது பண்ணி, பள்ளி திறந்ததும் இன்னொரு தடவை எழுதட்டும் என்றார். அதிலும் போனால் அவள் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். நான் அதே ஆசிரியர் அறையில் ஓய்வு பெறும் வரை டீ குடிக்க வேண்டும்.

அவள் விடைத்தாளைப் பார்த்தேன். சில கணக்குக்கு விடை மட்டும் இருந்தது, வழி இல்லை. பல கணக்குக்கு இரண்டுமே இல்லை. "எப்படிப் போட்டே?" என்று கேட்டால் பேனா மூடியைக் கடிப்பாள். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்று சுமதியிடம் சொன்னேன், கயல் காதில் விழும்படியாகத்தான். பெட்டியில் முறுக்குக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே மாதிரி வினாத்தாள் புத்தகம் இரண்டை வைத்தேன்.

குணா விமான நிலையத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். வயிறு தட்டையாக இருந்தது. நாற்பதைத் தாண்டிய மனிதருக்கு ஏன் வயிறு தட்டையாக இருக்க வேண்டும்? என் முதல் பொறாமை டிராலியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது.

"வாங்கண்ணே, வாங்கக்கா. கயலு, பெரிய புள்ளையாயிட்டியே லா! காடி அந்தப் பக்கம் பார்க் பண்ணிருக்கேன். போற வழியில சாப்ட்டுருவோம். ரோட்டுல ஜேம் வேற."

காடி என்றால் கார். 'லா' இங்கே எல்லாப் பேச்சுக்கும் ஒட்டும் வால். ஜேம் என்றால் என்னவென்று அடுத்த ஒரு மணி நேரம் அனுபவித்துத் தெரிந்துகொண்டோம். எங்கள் ஊரில் வண்டிகள் நின்றால் ஹாரன் அடிப்போம், இறங்கிப் போய்ப் பார்ப்போம், யோசனை சொல்வோம். இங்கே அத்தனை வண்டியும் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றன. இந்தப் பொறுமையைப் பார்க்கவும் எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு மமாக் கடையில் நிறுத்தினார். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். கல்லாவில் இருந்தவர் கீழக்கரைக்காரர். "ஊர்ல மழை உண்டாண்ணே?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மலாயில் ஒருவரிடமும் சீனத்தில் ஒருவரிடமும் பேசி முடித்தார். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, சிவப்பாகச் சம்பால் என்கிற மிளகாய் விழுது. கயல் மூக்கு ஒழுக ஒழுக சம்பாலைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள்.

ஒருவர் தேநீரைத் தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். "ஏன்ப்பா இவ்வளவு உயரத்துல இருந்து ஊத்துறாங்க?" என்றாள் கயல். "ஆறுறதுக்கு" என்றேன். பேச்சு முடிந்தது. குணா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நீ என்ன நெனக்கிற கயலு?" என்று கேட்டார். அவள் யோசித்தாள். நுரைக்காக இருக்கும் என்றாள். இல்லை, வேடிக்கை பார்க்க ஆள் வருவதற்காக இருக்கும் என்றாள். சீனி கரையாமல் கீழே தங்கியிருக்கும், இப்படி ஊற்றினால் ஸ்பூன் கழுவ வேண்டியதில்லை என்றாள். ரொட்டி தீரும் வரை பேசினாள். என் மகளுக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று தெரிந்துகொள்ள நான் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது. அதுவும் சகலைக்கு எதிரில் உட்கார்ந்து.

மறுநாள் முழுக்கத் தூங்கினோம். அதற்கு மறுநாள் குணா தன் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, கயலை வகுப்பில் விருந்தாளியாக உட்கார வைத்தார். என்னையும் ஒரு காலை வேளைக்குக் கூப்பிட்டார். கயல் புதுப் பள்ளிக்கூடம் என்ற பயமே இல்லாமல் காரில் ஏறினாள். எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. நல்லதாக எதையும் பார்த்துவிடக் கூடாதே என்கிற படபடப்பு.

பார்த்துவிட்டேன். வகுப்பில் நாலு பிள்ளைகளுக்கு ஒன்று என்று டேப்லெட்டுகள் இருந்தன. பழையவை. ஒன்றின் மூலையில் கண்ணாடி கீறியிருந்ததை முதலில் கவனித்து ஆறுதல் அடைந்தேன். சுவரில் ஒரு பெரிய டிவி. டேப்லெட்டில் பிள்ளைகள் எதைச் செய்தாலும் அது டிவியில் ஒரு கட்டமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். படம் வரையலாம், பேசிப் பதியலாம், வீடியோ எடுக்கலாம். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சுவர்'. "சார், சுவர்ல போட்டுட்டோம்" என்கிறார்கள், ஏதோ போஸ்டர் ஒட்டியவர்கள் மாதிரி.

எங்கள் பள்ளியிலும் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. தூசி படாமல் துணி போர்த்தி, சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்திருக்கிறோம். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கவும் மேலதிகாரிகள் வந்தால் காட்டவும் திறப்போம். அதனால் அது இன்றைக்கும் புத்தம் புதிதாக இருக்கிறது. குணாவின் கீறல் விழுந்த டேப்லெட்டுகளைப் பார்க்கப் பார்க்க, எங்கள் புத்தம் புதிய போர்டின் மேல் கோபம் வந்தது.

குணா பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினார். நாலில் மூன்று பெரிதா, ஐந்தில் நான்கு பெரிதா? அதன் கீழே, 'உங்களுக்கு எப்படித் தெரியும்? எப்படி வேண்டுமானாலும் காட்டுங்கள்.'

மீச்சிறு பொது மடங்கு எடுத்தால் இருபது. இருபதில் பதினைந்து, இருபதில் பதினாறு. கதை முடிந்தது. என் வகுப்பாக இருந்தால் இந்நேரம் அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். இங்கே பிள்ளைகள் களிமண்ணைத் தட்டி ரொட்டி செய்தார்கள். வெட்டி வெட்டி வீடியோ எடுத்தார்கள். இரண்டு பெண்கள் நீளக் கட்டங்கள் வரைந்து வண்ணம் தீட்டினார்கள். தர்ஷினி என்ற சிறுமி, அக்காள் தங்கை கேக் சண்டை போடுவதாகப் படக்கதையே போட்டுவிட்டாள். நடுவில் வைஃபை போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். "பரவால்ல லா, தாள்ல வரைங்க, அப்புறமா படம் புடிச்சுப் போடலாம்" என்றார் குணா. ஒரு பிள்ளைகூட முகம் சுளிக்கவில்லை.

வைஃபை வந்ததும் ஒவ்வொரு கட்டமாகத் திறந்து எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். ஒரு பையனின் குரல் டிவியில் வந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் சார். இதுலயும் ஒரு துண்டுதான் கொறையுது, அதுலயும் ஒரு துண்டுதான் கொறையுது. அதனால சமம்."

"தப்பு! எப்படி சமமாகும்?" என்று எழுந்தேவிட்டேன். டிவியைப் பார்த்து விரலை வேறு நீட்டியிருந்தேன். இத்தனை வருடப் பழக்கம். தவறான விடை காதில் விழுந்தால் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொள்ளும். குரல் மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"சார், அது ரெக்கார்டிங் லா" என்றாள் தர்ஷினி பரிதாபமாக. "நீங்க சொல்றது அதுக்குக் கேக்காது."

குணா சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் ஒரு வழக்கம். சுவரில் இருப்பதற்கு யாரும் சரி போடக் கூடாது, தவறு போடக் கூடாது. கேள்விதான் கேட்க வேண்டும். அவரும் அந்தப் பையனிடம் கேள்வியே கேட்டார். "அந்தக் கொறையுற துண்டு இருக்குல்ல, அது ரெண்டுலயும் ஒரே சைசா?" பையன் வாயைத் திறந்தான், மூடினான், தன் களிமண் ரொட்டியைப் பார்க்கப் போனான். தவறான விடை சுவரிலேயே தொங்கியது. அதை அழிக்க என் கை துறுதுறுத்தது. கயலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தத் தவறான கட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் கயல் தினமும் பள்ளிக்குக் கிளம்பினாள். குணா ஒரு டேப்லெட்டை வீட்டுக்கும் கொண்டுவர விட்டார். மாலையில் நான் மாதிரி வினாத்தாளோடு உட்காருவேன். அவள் பேனா மூடியைக் கடிப்பாள். கொஞ்ச நேரத்தில் வயிறு சரியில்லை என்று டேப்லெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவாள். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். டேப்லெட் எதற்கு என்றால், "பாட்டு கேக்க" என்பாள். சம்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் குணா சொன்னார். "அண்ணே, கயலு சுவர்ல ஒண்ணு போட்டா பாருங்க, முழு கிளாஸும் ரெண்டு தடவ கேட்டுச்சு. எங்க ஹெச்.எம். கூட வந்து கேட்டாங்க. சூப்பர் லா!"

மாலதி கைதட்டினாள். சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கயலைப் பார்த்தேன். "என்ன போட்டே? எனக்குக் காட்டலையே?"

அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "சும்மா ஒரு கணக்குப்பா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எத்தனையோ பொறாமையைப் பார்த்தவன் நான். பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி வாங்கியபோது பட்டது, எனக்குப் பின்னால் சேர்ந்தவர் எனக்கு முன்னால் பதவி உயர்ந்தபோது பட்டது எல்லாம் ஒன்றுமே இல்லை. என் மகள் முதல்முறையாகக் கணக்கில் ஒன்று சொல்லியிருக்கிறாள். கிள்ளானில் இருக்கும் ஒரு வகுப்பே இரண்டு தடவை கேட்டிருக்கிறது. நான் மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. குணா என்னை மட்டும் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போனார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "எங்கப்பா லோரி ஓட்டுனாரு. நல்ல மனுஷன். ஆனா என்கூட உக்காந்து ஒரு கணக்குகூடப் போட்டதில்லண்ணே. நீங்க டெய்லி அவகூட உக்கார்றீங்க. பாக்க எனக்கு ஆசையா இருக்கு" என்றார். இதைக் கேட்டு நான் குளிர்ந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, இவருக்குப் பொறாமைப்படக்கூட இவ்வளவு அழகாகத் தெரிந்திருக்கிறதே என்பதுதான்.

அன்று மாலை எல்லோரும் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குச் சேலை பார்க்கப் போனார்கள். தையல் பிரித்திருந்த மாலதிகூட மெல்லக் கிளம்பிவிட்டாள். எனக்குத் தலைவலி என்றேன். கார் தெருமுனை திரும்பியதும் கயல் படுத்திருந்த அறைக்குப் போனேன். டேப்லெட் தலையணைக்கு அடியில் இருந்தது. திறப்பதற்குத் தடை எதுவும் இல்லை. திருட்டுத்தனம்தான், தெரிந்தேதான் செய்தேன்.

கயல் பெயரில் மூன்று பதிவுகள் இருந்தன. இரண்டு அனுப்பாதவை, ஒன்று அனுப்பியது. முதலாவதைத் தொட்டேன்.

"வணக்கம். நான் கயல். நாலில் மூணு, அஞ்சில் நாலு. அந்தத் தம்பி சொன்னது பாதி சரின்னு எனக்குத் தோணுது. ஏன்னா..." அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரு குரல். "என்ன முணுமுணுப்பு அங்க? விடை என்ன, அதச் சொல்லு மொதல்ல." என் குரல். பதிவு நின்றுவிட்டது.

இரண்டாவது. "தம்பி சொன்ன மாதிரி ரெண்டுலயும் ஒரு துண்டுதான் குறையுது. ஆனா எவ்வளவு குறையுதுன்னு பாத்தா..." மறுபடி நான். "குறையறத எதுக்குப் பாக்குற? இருக்கறதப் பாரு. மீச்சிறு பொது மடங்கு எடு." இரண்டு மாலைகளிலும் நான் இப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. இருபது வருடமாகச் சொல்வதைத்தான் அன்றும் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவதில் தண்ணீர் கொட்டும் சத்தம். குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறாள். அதற்கு மேலே அவள் குரல், நிதானமாக, சிரித்த மாதிரி.

"ரெண்டுலயும் ஒரு துண்டு குறையுது. நாலாப் பிரிச்சா துண்டு பெருசு. அஞ்சாப் பிரிச்சா துண்டு சின்னது. சின்னத் துண்டு குறையறதுலதான் மீதி நிறைய இருக்கும். அதனால அஞ்சில் நாலுதான் பெருசு. தம்பி, நீ கண்டுபிடிச்ச வழிதான் இது. நான் கொஞ்ச தூரம் நடந்தேன், அவ்வளவுதான்." ஒரு மூச்சு. பிறகு குரல் தாழ்ந்தது. "சித்தப்பா, தண்ணி சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. வெளியில அப்பா இருக்காங்க."

டேப்லெட்டைத் தலையணைக்கு அடியிலேயே வைத்தேன். முதலில் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். பிறகு குளியலறைக்குள் போய் நின்றேன். சின்ன அறை. நீல வாளி, ஒரு பிளாஸ்டிக் முக்காலி. இந்த முக்காலியில் உட்கார்ந்துதான் பேசியிருப்பாள். சகலை மேல் பட்டதைவிட, அந்தக் குழாயின் மேல் எனக்குப் பட்ட பொறாமை பெரிது. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சேலைகள் வந்தன, நல்ல நிறம் என்றேன். ஓமத் தண்ணீர் காய்ச்சுவதை மட்டும் நிறுத்தினேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நானும் கயலும் மட்டும் கோலாலம்பூரில் தமிழர் கடைத்தெருவான பிரிக்பீல்ட்ஸ் போனோம். சுமதி இன்னும் சில வாரம் தங்கப் போகிறாள், நாங்கள் இருவரும் முன்னால் திரும்புவதாக ஏற்பாடு. குணா ரயிலில் ஏற்றிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் இறங்கினால் மல்லிகை வாசனையும் கேசட் கடைக் காலத்துப் பாட்டுச் சத்தமுமாக நம் ஊர்க் கடைத்தெரு மாதிரியே இருக்கிறது. நடைபாதை மட்டும் நம் ஊரில் இல்லாதது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் மூன்று வகைக் காய், பொரித்த பாகற்காய், கேட்காமலே அப்பளம். பரிமாறிய பெண், "அங்கிள், சோறு போடவா? பாப்பாவுக்குக் கொழம்பு பத்துதா?" என்று மூன்று தடவை கேட்டார். இலையை நம் பக்கமாக மடித்தபோது கயல் என்னைப் பார்த்து மடித்தாள். எனக்கு அவளிடம் ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் பாதாம் பிசின், கண்ணாடி வளையல், மாலதிக்கு வடை என்று வாங்கிக்கொண்டு ரயிலைப் பிடித்தோம்.

பாதி வழியில் மழை பிடித்தது. மலேசிய மழை தூறல் போட்டு முன்னறிவிப்பெல்லாம் கொடுப்பதில்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரயில் நின்றது. மலாயில் ஏதோ அறிவிப்பு. எதிரில் இருந்த அம்மாள், "சிக்னல் பிராப்ளமாம் அண்ணே, கொஞ்சம் லேட்டாகும்" என்று மொழிபெயர்த்துவிட்டுத் தன் பையிலிருந்து கறிபாப் எடுத்துக் கொடுத்தார். கிழங்கு வைத்துப் பொரித்த சோமாசி மாதிரி ஒன்று. பெட்டிக்குள் குளிர். ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குறைவதைப் பார்க்கும் வித்தை எல்லாக் கணக்குக்கும் பலிக்காது. பலிக்காத ஒன்றைக் கொடுத்தால் அவள் தடுமாறி என் வழிக்கு வருவாள். சகலையின் வகுப்பு சகலையோடு போகும்.

"கயல், ஒன்பதில் அஞ்சு. பதிமூணில் ஆறு. எது பெருசு?"

அவள் என்னைப் பார்த்தாள். கையில் பேனா இல்லை, கடிக்க மூடியும் இல்லை. "எப்படி வேணாலும் சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லு."

"இதுல நாலு துண்டு குறையுது. அதுல ஏழு துண்டு குறையுது. ஆனா அந்த ஏழும் சின்னத் துண்டு..." நின்றாள். "சின்னத் துண்டுதான குறையுது. அப்ப பதிமூணில் ஆறுதான் பெருசு."

தப்பு என்ற சொல் என் பல் வரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மாள் கொடுத்த கறிபாப்பை முழுதாக வாயில் திணித்துக்கொண்டேன். உள்ளே கிழங்கில் அத்தனை காரம். கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியாது.

கயல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஒரு நீளக் கட்டம் வரைந்தாள். ஒன்பதாகப் பிரித்தாள். கீழே இன்னொன்று வரைந்து பதிமூன்றாகப் பிரிக்கப் பார்த்தாள், கோணல் மாணலாக வந்தது. உதட்டைக் கடித்தாள். "இல்ல, இது சரியா வரல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதிரில் இருந்த அம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. என் வாயில் கறிபாப் தீர்ந்துவிட்டது. இனி எதை வைத்து வாயை அடைப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அவள் இரண்டு கட்டத்துக்கும் நடுவே மேலிருந்து கீழே ஒரே கோடு கிழித்தாள்.

"அப்பா! பாதி!" என்றாள். "ஒன்பதுல பாதி நாலரை. அஞ்சு அதத் தாண்டிடுச்சு. பதிமூணுல பாதி ஆறரை. ஆறு அங்க வரவே இல்ல. அது பாதிக்கே வரல! அப்ப ஒன்பதில் அஞ்சுதான் பெருசு. நான் மொதல்ல சொன்னது தப்பு."

அந்தத் தப்பு என்ற சொல்லை அவளே, அவ்வளவு லேசாக, சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்த சொல் அதுதான் என்று நம்ப முடியவில்லை. "அடேங்கப்பா, கெட்டிக்காரி" என்று எதிரில் இருந்த அம்மாள் கைதட்டினார். நூற்றுப் பதினேழு என்று மீச்சிறு பொது மடங்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

நான் பேசாமல் இருந்தது அவளை உறுத்தியிருக்க வேண்டும். சிரிப்பு மெல்ல வடிந்தது. "ஏன்ப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க? இதுவும் தப்பா?"

"இல்லம்மா" என்றேன். "கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் நம்பவில்லை. நம்புவதற்கு நான் எந்தக் காரணமும் கொடுத்ததில்லை. "நெசமாவா?" என்றாள்.

"பாதின்னு ஒரு வழி இருக்குன்னு எப்பத் தோணுச்சு?"

அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். எங்கே ஆரம்பித்தது, எங்கே மாட்டிக்கொண்டது, கோணல் கட்டத்தைப் பார்த்தபோது என்ன தோன்றியது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். ரயில் நகர ஆரம்பித்ததை இருவருமே கவனிக்கவில்லை. கண்ணாடியில் இருந்த கட்டங்கள் ஒழுகி ஒன்றோடொன்று கலந்து, கிள்ளான் வருவதற்குள் வெறும் தண்ணீராகிவிட்டன.

ஊர் திரும்பிவிட்டோம். தேர்வு வரும் திங்கட்கிழமை. பாஸாவாளா என்று எனக்குத் தெரியாது. குணா நேற்று போன் செய்தார். "ரயில்ல கயலு ஏதோ பெருசா கண்டுபிடிச்சாளாமே, என்னண்ணே அது? ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க லா, கிளாஸ்ல போடறேன். புள்ளைங்க கேக்குதுங்க."

பண்ணவில்லை, மறந்துவிட்டது என்றேன். என்ன கணக்கு, எப்படிப் போட்டாள் என்று துருவித் துருவிக் கேட்டார். அவர் குரலில் ஓர் ஏக்கம் இருந்தது. எனக்கு அதை அடையாளம் தெரியாதா என்ன. சொல்லியிருக்கலாம், நல்ல மனிதர். ஆனால் சொல்லவில்லை. அந்த ஒன்றை அவள் என்னிடம்தான் சொன்னாள்.